தரை வந்ததும் சொல்லு

முப்பத்தொரு வருஷமாகப் பீரோ தூக்குகிறவனுக்குச் சொந்தப் பெண்டாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியவில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். அதுவும் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் திணித்தேன். கிழித்தே இருப்பேன். கடைசியில் ‘ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தது. அதனால் கிழிக்கவில்லை.

நான் செய்வது வீடு மாற்றுகிற வேலை. ஒரு வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்குவோம். ஆள் கொஞ்சம் அகலம். போதாக்குறைக்கு, பீரோ என்றால் முதலில் கை வைக்கிறவனும் நான்தான். அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு நான் பீரோ. என் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும். அந்தக் காகிதம் கைக்கு வருவதற்கு ஏழு வாரம் முன்னால் ஒரு காலையில், அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. முறைக்கிறாள், சிரிக்கிறாள், எனக்குப் பின்னால் மகளிடம் கண்ணைக் காட்டிக் கேலிகூடச் செய்கிறாள். சொல்தான் வரவில்லை. ‘ம்’ என்று ஒரே ஒரு சத்தம் வருகிறது.

காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுதான் இருக்கும். தோளில் எப்போதும் ஒரு அகலப் பெல்ட் தொங்கும். நோயாளியின் இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துத் தைத்த பெல்ட். அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் பெல்ட்டம்மா. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பெல்ட்டம்மா பக்கத்தில் நோட்டுடன் நின்றாள். கட்டில் விளிம்பில் என்னவள் உட்கார்ந்திருந்தாள். நல்ல பக்கமான இடது பக்கத்தில் சக்கர நாற்காலி. நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வேண்டும். மூன்றில் அவள் எழுந்திருப்பாள், நான் பெல்ட்டைப் பிடித்துத் துணையாக இருக்க வேண்டும். நானோ இரண்டிலேயே தூக்கிவிட்டேன். பெல்ட்டைப் பிடித்துமல்ல. பழக்கதோஷம், இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து அலாக்காகத் தூக்கினேன். ஐம்பத்தாறு கிலோ எனக்கு ஒரு பொருட்டா?

“இறக்குங்க! சார், தோள்பட்டை! இறக்குங்க!” என்று கத்தினாள் பெல்ட்டம்மா.

இறக்கினேன். என்னவளின் முகம் கோணிப்போயிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். முன்னெல்லாம் சுண்டுவிரல் கதவிடுக்கில் மாட்டினால் தெருவே கூடுகிற மாதிரி கத்துகிறவள் அவள். அன்றைக்கு வலியைக்கூடச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். என் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது.

“நல்லவேளை, எலும்பு நழுவல,” என்றாள் பெல்ட்டம்மா, தோளைத் தடவிப் பார்த்துவிட்டு. “செயலிழந்த பக்கம் தோளைத் தசை தாங்கிப் பிடிக்காது சார். அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினா மூட்டு நழுவிடும். எத்தனை தடவ சொன்னேன்?”

“தூக்காம எப்படிம்மா நாற்காலிக்குக் கொண்டு போறது?”

“நீங்க கொண்டு போக வேணாம். அவங்களே எழுந்திருப்பாங்க. இடது காலுல நல்ல பலம் இருக்கு. நீங்க விட்டாத்தானே?”

ஒரு நாளைக்கு இருபது தடவை அவள் எழுந்து உட்கார வேண்டியிருக்கும், இருபது தடவையும் நான் தூக்கினால் இரண்டே மாதத்தில் பக்கத்துக் கட்டிலில் நானும் படுத்திருப்பேன் என்றும் சொன்னாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. முதுகு விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை. ஆனால் என்னவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். நான் தனியாளாக அவளைப் பத்திரமாக மாற்றி உட்கார வைக்கத் தெரிந்தவன் என்று பெல்ட்டம்மா எழுதிக் கொடுத்தால் அவள் வீட்டுக்கு வருவாள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பார்க்கும் நேரம் மாலையில் ஒரு மணி.

வார்டில் தூக்கும் மெஷின் ஒன்று உண்டு. துணித் தொட்டிலில் ஆளை உட்கார வைத்துக் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டித் தூக்கும். அதையாவது வாடகைக்கு எடுக்கலாம் என்று பார்த்தேன். அளவு எடுக்க எனக்கா தெரியாது? எங்கள் படுக்கையறைக் கதவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மெஷினின் கால் அறுபத்தெட்டு. பக்கவாட்டில் சாய்த்துக்கூடத் திருப்ப முடியாது. ஆக, அவள் எழுந்து நின்றால்தான் வீடு.

வீட்டுக்கு அவள் வரவேண்டும் என்று நான் ஏன் தலைகீழாக நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த அதே வருஷம் அவளும் எங்கள் கம்பெனியில் பாத்திரம் பண்டங்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு வந்தவள். பீரோவை மாடியிலிருந்து இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிக்கிறவன் பின்பக்கமாகவே நடந்து படி இறங்க வேண்டும். அது எப்போதும் நான்தான். நெஞ்சோடு பீரோ அணைந்திருக்கும், கால் தெரியாது. கீழே ஒருவர் நின்று படி சொல்ல வேண்டும். அவள் வந்த முதல் நாள் படி சொல்கிற ஆள் வரவில்லை. இவள் சுற்றிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“ஏ பீரோ, இன்னும் நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு. தரை.”

என்ன குரல்! மூன்று மாடிக்கும் கேட்டது. காலுக்குப் பின்னால் ஏதாவது கிடந்தால் “குதிகால்!” என்பாள். அந்த ஒரு சொல்லில் நான் அப்படியே சிலையாக நிற்பேன். அவள் போய் அதை நகர்த்துவாள். தரை என்று அவள் சொல்கிற வரைக்கும் நான் எடையை இறக்கியதில்லை. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்த்ததே கிடையாது. தேவைப்படவில்லை. வீட்டில்கூட, நான் சமையலறையில் பின்னால் நகர்ந்தால் “குதிகால்!” என்று கூவுவாள். பார்த்தால் வாளியோ பாத்திரமோ இருக்கும். எல்லா வேலையும் முடிந்து படுக்கையில் முதுகை நீட்டும்போது, ஒரு பெருமூச்சு விட்டு, “தரை” என்பாள். சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் தூங்கிவிடுவாள். நானும் அப்படியே தூங்கிவிடுவேன்.

அந்த ஏழு வாரமும் அந்தச் சொல் இல்லாமல் படுத்தேன். படுத்தேன் என்றுதான் சொல்ல முடியும், தூங்கினேன் என்று சொன்னால் பொய். அவள் பக்கத்துத் தலையணையை எடுத்து அலமாரியில் வைத்தேன், அப்புறம் எடுத்து வந்து பழைய இடத்திலேயே வைத்தேன். வாளியை வேண்டுமென்றே வழியில் வைத்துவிட்டு, பின்னால் நடந்து அதில் இடறியும் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை, தண்ணீர்தான் கொட்டியது.

பெயிலான அன்றைக்குச் சாயங்காலம் மகள் வந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், அம்மாவின் வாய் அப்படியே இவளுக்கு. “என்னை அம்மான்னு நினைச்சுக்கோங்க” என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டாள். பழைய சாமான் கட்டுகிற பட்டியை அவள் இடுப்பில் கட்டினேன். ஒன்று, இரண்டு. அவள் அந்தரத்தில் இருந்தாள்.

“அப்பா! இறக்குங்க! எழுந்திருக்க நான் இன்னும் குனியவே இல்ல!”

“நீ எழுந்திருப்பன்னு நினைச்சேன்.”

“எங்க எழுந்திருக்க விட்டீங்க? மூணுன்னு நீங்க சொல்றதுக்குள்ள நான் மேல இருக்கேன்.” பட்டியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: “தூக்கறதுல மட்டும் இல்லப்பா. பேச்சுலயும் இப்படித்தான் பண்றீங்க.”

“நான் என்ன பண்ணேன்?”

“பேச்சுப் பயிற்சிக்கு வர்றவங்க அம்மாகிட்ட கப் படம் காட்டினாங்க. கப்புன்னு சொன்னது யாரு?”

நான்தான் சொன்னேன். சாவிப் படத்துக்குச் சாவி என்றேன், நாய்க்கு நாய் என்றேன். என்னவள் திணறுவதைப் பார்க்க முடியவில்லை, எடுத்துக் கொடுத்தேன். நாலாவது படத்தில் என்னை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டார்கள். என்னமோ நல்ல காரியம் செய்கிறோம் என்று ஏழு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழகினேன். பெல்ட்டம்மா முதலில் வேறொன்று கற்றுக் கொடுத்தாள். படுக்கையில் சரிந்து கீழே போனவளை மேலே கொண்டுவர, அடியில் ஒரு வழுக்குத் துணியை விரித்து இலேசாகத் தள்ளினால் போதும். இரண்டு விரல் பலத்தில் அவள் மேலே போனாள். இப்படி ஒரு துணி இருக்கிறது என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் எத்தனை அலமாரியை இழுத்திருப்பேன் என்றேன். என்னவள் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் குறைவுதான்.

பிறகு எழுந்து நிற்பது. நாற்காலியின் இரண்டு பிரேக்கும் போட வேண்டும். கால் பலகைகளை ஒதுக்க வேண்டும். வழுக்காத செருப்பு. கட்டில் உயரம் அவள் முழங்காலுக்குச் சரியாக. அவள் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை உள்ளே இழுத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வருகிற வரை முன்னால் குனிய வேண்டும். என் முழங்கால் அவள் வலது முழங்கால் மடங்காமல் தடுக்கும். என் கழுத்தை அவள் கட்டிக்கொள்ளக் கூடாது. இதைச் சொன்னபோது என்னவள் பெல்ட்டம்மாவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாளே, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் சரியாக வந்தது. இரண்டே தப்புதான் மறுபடி மறுபடி வந்தது. ஒன்று, இரண்டில் என் கை முந்திக்கொள்ளும். இன்னொன்று, நான் பின்னால் பார்ப்பதில்லை.

“அவங்க எழுந்ததும் நீங்க பின்னால ஒரு அடி வைக்கறீங்க. அங்க என்ன இருக்குன்னு முன்னாலயே பாருங்க சார். நீங்க விழுந்தா அவங்களும் சேர்ந்து விழுவாங்க.”

“பார்க்கறேன்மா,” என்பேன். பார்க்க மாட்டேன். கழுத்து திரும்பாது. முப்பத்தொரு வருஷம் திரும்பாத கழுத்து.

வியாழக்கிழமை. மறுபரீட்சை. சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன், பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி. மகள் வாசலோரம் நின்றாள். பெல்ட்டம்மா நோட்டைத் திறந்துவிட்டு, “இன்னைக்கு ஒரு மாற்றம்,” என்றாள். “நீங்க எண்ண வேணாம்.”

“அப்போ யார் எண்ணுவாங்க?”

“யாரும் வேணாம். அவங்க எப்போ கிளம்பறாங்களோ அப்போ கிளம்புங்க. அதுவரைக்கும் கை பெல்ட்ல இருக்கட்டும், அவ்வளவுதான்.”

பிரேக் போட்டேன். பலகையை ஒதுக்கினேன். செருப்பு, பெல்ட், முழங்கால். முதுகை நேராக வைத்து, காலை அகட்டி நின்றேன். என்னவள் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் முள் ஓடுகிற சத்தம் கேட்டது. என் கை துறுதுறுத்தது. ஒரே ஒரு இழுப்பு, முடிந்துவிடும் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவள் எழுந்திருக்கவே போவதில்லை, இரண்டு பஸ் மாறி அந்த இல்லத்துக்குத்தான் இனி என் வாழ்நாள் முழுக்க என்று தோன்றிவிட்டது. அப்போது அவள் குனிந்தாள். மூக்கு மெதுவாக முன்னால் வந்தது. இடது கால் தரையை அழுத்தியது. என் கையில் எடையே தெரியவில்லை. அவள் எழுந்தாள். அவளாகவே எழுந்தாள். தலை என் தோள் உயரத்துக்கு வந்தது, அவள் தலைமுடியின் வாசனை என் மூக்குக்குப் பக்கத்தில் வந்தது. நான் பின்னால் ஓரடி வைக்கக் காலைத் தூக்கினேன்.

“குதிகால்!”

நான் அப்படியே நின்றேன். தூக்கிய கால் தூக்கியபடி. வாசலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாரும் பேசாதீங்க,” என்றாள் பெல்ட்டம்மா. “சார், காலை இருந்த இடத்துலயே வைங்க. நான் மேசையை நகர்த்தறேன். மெதுவா திருப்பி உட்கார வைங்க. முதல்ல அது.”

சாப்பாட்டு மேசையின் சக்கரக் கால் என் குதிகாலுக்கு நாலு விரல் தள்ளி இருந்திருக்கிறது. வேலையைத் தொடங்குமுன் வழியைக் காலி செய்வது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதைத்தான் மறந்திருக்கிறேன். சின்னச் சின்ன அடியாகத் திரும்பினோம். கால் பின்புறம் நாற்காலியில் பட்டதும் அவள் இடது கையை நீட்டிப் பிடியைப் பிடித்தாள். உட்கார்ந்தாள். நான் பெல்ட்டைப் பிடித்தபடி குனிந்தே இருந்தேன். இன்னொரு சொல் வரும், அது வந்தால்தான் இறக்க வேண்டும் என்று என் உடம்பு காத்திருந்தது.

“உட்கார்ந்துட்டாங்க சார். கையை எடுக்கலாம்.”

எடுத்தேன். அவள் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு என்னைவிட அதிகமாகத் திகைத்துப் போயிருந்தாள். நான் மண்டி போட்டு, “இன்னொரு தடவ சொல்லு. ஏதாவது சொல்லு. தரைன்னு சொல்லு,” என்று கெஞ்சினேன். உதடு அசைந்தது. ‘ம்’ என்றுதான் வந்தது. நான் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன், ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல். இடது கையால் என் பிடரியில் ஒன்று வைத்தாள்.

“மேசையை நகர்த்தாதது தப்பு, எழுதியிருக்கேன்,” என்றாள் பெல்ட்டம்மா. “ஆனா தூக்கல, இழுக்கல. அவங்க சொன்னதும் நின்னீங்க. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. பெல்ட்டையும் எடுத்துக்கோங்க. பெல்ட்டம்மா குடுத்ததுன்னு சொல்லுங்க.” மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

என்னவள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினாறு நாள். கட்டில் காலுக்கு அடியில் கட்டை வைத்து அவள் முழங்கால் அளவுக்கு உயர்த்தியிருக்கிறேன். விரிப்பையெல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. அந்தச் சொல் திரும்ப வரவில்லை. தானாக வருவது வேறு, தேடி எடுப்பது வேறு, அவசரப்படுத்தாதீர்கள் என்று பேச்சுப் பயிற்சிக்காரர் சொல்கிறார். கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மனசு கேட்கிறதா? நாலாம் நாள் ஒரு முக்காலியை எனக்குப் பின்னால் வேண்டுமென்றே போட்டுவிட்டு அவள் முன்னால் நின்றேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. முக்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இடது கை விரலை நீட்டி அதை எடு என்று காட்டினாள். அந்த முறைப்புக்கு மட்டும் பேச்சே தேவையில்லை. எடுத்து வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவளை எழுப்புமுன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறேன். வலிக்கிறது. இருந்தாலும் பார்க்கிறேன்.

இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். பிரேக், செருப்பு, பெல்ட், பின்னால் ஒரு பார்வை. அவள் குனிந்தாள், எழுந்தாள், திரும்பினோம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள், முன்பு படுக்கையில் விடுவாளே, அதே பெருமூச்சு. நான் பெல்ட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் என்னையே பார்த்தாள். நாக்கு மேலே போய்ப் பல்லைத் தேடுவது எனக்குத் தெரிந்தது.

“த...” என்றாள்.

மீதி என் வாயில் இருந்தது, பல்லுக்குப் பின்னாலேயே நின்றது. எடுத்துக் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வழியட்டும் என்று குனிந்தபடியே நின்றேன்.